நான்காம் பக்கத்துச் சின்ன எழுத்து

படித்தேன், நீ அனுப்பிய பட்டியல் நான்கு பக்கமும் படித்தேன், உனக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன் கண்ணு. கணிதப் பொருளியலில் ஆனர்ஸ் பட்டம் முடிக்க என்னென்ன வேண்டும் என்று பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் டிக் போட்டு அனுப்பியிருந்தாய். பாடமெல்லாம் முடிஞ்சது, ஆய்வுக் கட்டுரையும் வாய்மொழித் தேர்வும்தான் பாக்கி, ரெண்டு மாசத்துல வந்துடுவேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அன்றைக்கே உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். மூலையில் திட்டுத் திட்டாக இருக்கிறது, சொன்னால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்கிறார், நீயும் பார்க்காத மாதிரி இருந்துவிடு. நான் ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டினேன். நீலம்.

பட்டியலை வேலைக்கு எடுத்துப் போயிருந்தேன். சீருடை வெட்டும் மேசையில் விரித்து வைத்து, டீ நேரத்தில் படித்தேன். என்னக்கா, மக படிப்புக்கும் அளவெடுக்கிறீங்களா என்று தையல் மாஸ்டர் கேலி செய்தார். பாதி வார்த்தை புரியவில்லை. ஆனால் பதினெட்டு வருடமாக நான் செய்வது ஒன்றுதான், துணிமேல் சட்டைக்கான காகித அச்சுகளைப் பரப்பி ஒன்றின் மேல் இன்னொன்று ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. கண் தானாகப் போய் நின்றது. நிகழ்தகவுப் பாடத்துக்குக் கணிதப் பகுதியிலும் டிக், பொருளியல் விருப்பப் பாடங்களிலும் டிக். நான்காம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில், ஆனர்ஸுக்கு ஒரு பாடத்தை ஓர் இடத்தில்தான் சேர்ப்பார்கள் என்று இருக்கிறது. சாதாரணப் பட்டத்துக்கு அந்த விதி இல்லை. சட்டைக் கை வெட்டிய துணியிலேயே காலரும் வெட்ட முடியாது கண்ணு. இன்னொரு பாடம் வேண்டும். அப்படியென்றால் இன்னும் ஆறு மாதம்.

இதைப் பார்த்தது திங்கட்கிழமை. இன்று வெள்ளி. நடுவில் நான் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய இந்த மாதக் கடைசிதான் கெடு, அது தாண்டிவிட்டால் சாதாரணப் பட்டத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவாய், எனக்கு முன்னமே தெரியும் என்பது யாருக்கும் தெரியாது. இப்படி நினைத்தேன். நினைத்துக்கொண்டே திரைக்கு ஓரம் அடித்தேன். உன் சித்தியிடம் சொன்னபோது, நீ வாய மூடிக்கிட்டு சும்மா இரு அக்கா, பட்டம்னா பட்டம்தானே, பொண்ணு வரட்டும் என்றாள். கேட்க இனிப்பாக இருந்தது. அதுதான் பயமாகவும் இருந்தது. நேற்று அப்பாவிடம் சொன்னேன். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, அவளுக்கு எப்ப எழுதப்போற என்று மட்டும் கேட்டார். அப்புறம் ரொம்ப நேரம் அதே பிரஷ்ஷைக் கழுவினார்.

போனில் சொல்லியிருக்கலாம். வந்துடு என்று வாய் சொல்லிவிடும், அதனால்தான் கடிதம். ஐந்து நாளில் கிடைத்துவிடும், அதற்குப் பிறகும் உனக்கு ஒரு வாரம் இருக்கும். முதலில் துறை அலுவலகத்தில் போய்க் கேள். நான் தப்பாகப் படித்திருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம். சரியென்றால் முடிவு உன்னுடையது. மேலே ஆராய்ச்சிக்குப் போக ஆனர்ஸ் கேட்பார்கள் என்று நீதான் சொன்னாய். போதும், வருகிறேன் என்றால் வா, யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். ஆனால் தெரிந்து வா.

கழுத்து வலிக்கக் குனிந்து உட்காராதே. எது செய்தாலும் நல்லபடியாக நடக்கும், எங்கள் இருவர் மனதும் உன் பக்கம்தான். கெடு மாதக் கடைசி, மறந்துவிடாதே.

உன் அம்மா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் உன் அறைக்குப் போய்த் திரையைக் கழற்றி, தூசி படாமல் மடித்து அலமாரியில் வைத்தேன்.