புளியடிவட்டைக் கல்லூரிக்குக் காணி கொடுத்தவன் நான் அல்லேன்

அனுப்புபவர்:
எம். ஸைனுலாப்தீன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்முனை.

பெறுபவர்:
பணிப்பாளர் அவர்கள்,
புளியடிவட்டைச் சமுதாயக் கல்லூரி.

விடயம்: கல்லூரியின் தோற்றம் பற்றி நான் மறைத்த உண்மையும், அதனால் திருமதி நுஸ்ஹாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமையும்

மதிப்பிற்குரிய ஐயா,

இது என்மீது நானே செய்யும் முறைப்பாடு.

1. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த மறுவருடம், படிப்பை விட்ட பிள்ளைகளுக்குக் கூடாரத்தில் தையல் வகுப்பு நடத்தினோம். மாரி மழையில் கூடாரம் கிழிந்தது. வயலோரம் இருந்த தமது ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியைத் தர சபியா உம்மா என்ற விதவை தாமாகவே முன்வந்தார். வகுப்பை நடத்திய எமது தொண்டு அமைப்பு அப்போது பதிவாகியிருக்கவில்லை. ஆதலால் காணி உறுதிப் பத்திரம் என் பெயருக்கு எழுதப்பட்டது. அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். பின்னர் நான் அக்காணியைக் கல்லூரிக்குக் கையளித்தேன்.

2. திறப்பு விழாவுக்கு முதல்நாள், நினைவுக்கல்லில் காணி நன்கொடையாளராக என் பெயர் பொறிக்கப்பட்டிருக்கக் கண்டேன். திருத்தச் சொல்ல அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. பெயரை அங்கே பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள், எழுத்தறியாத சபியா உம்மா, "இதில என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று கேட்டார். "காணி தந்தவங்கட பேர்தான், ராத்தா" என்றேன். அவர் முந்தானையால் கல்லின் தூசியைத் துடைத்துவிட்டுப் போனார். மூன்று வருடங்களுக்கு முன் அவர் மௌத்தாகி அடக்கப்பட்டார்.

3. கணவரின் தொழிலுக்காக அக்கரைப்பற்றில் இருந்த அவரது மகள் நுஸ்ஹா, கணவர் கைவிட்டபின் ஊர் திரும்பி, சிறுவர் பராமரிப்புப் பாடநெறிக்கு விண்ணப்பித்தார். நானும் குழுவில் இருந்த கடந்த மாத நேர்முகப் பரீட்சையில், இக்கல்லூரியை எப்படித் தெரியும் என்று வினவப்பட்டபோது, "இது எங்கட உம்மா குடுத்த காணி. உம்மாவே சொன்னவ" என்றார். குழுவினர் சிரித்து, கல்லிலுள்ள பெயரைச் சொன்னார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "ஸேருக்குத் தெரியும்தானே" என்றார். ஓம் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. "எனக்குச் சரியா நினைவில்ல" என்றேன்.

பொய்த் தகவல் கூறியதாக எழுதி அவரது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கீழே நானும் கையொப்பமிட்டேன். அவர் வெளியே போய் அந்தக் கல்லின் முன் வெகுநேரம் நின்றதை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4. சென்ற வெள்ளிக்கிழமை அவரது வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு, தேநீர் தந்தார். கல்லை மாற்றித் தருவதாகச் சொன்னேன். "கல்லு கிடக்கட்டும், ஸேர். எங்கட உம்மா பொய் சொல்லல்ல என்டு அந்த மேசைக்கு முன்னால ஒருக்காச் சொல்லுங்க" என்றார். தேநீரைக் குடித்து முடிக்க என்னால் முடியவில்லை.

ஆகவே, வகுப்புகள் ஆரம்பிக்குமுன் அதே குழுவைக் கூட்டி நுஸ்ஹாவையும் அழைக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பதாரர் நிற்கும் இடத்தில் நின்று உண்மையைச் சொல்ல எனக்கு அனுமதி தாருங்கள். அதன்பின் என்னைக் குழுவிலிருந்து நீக்கி, அவரது விண்ணப்பத்தைப் புதிதாகப் பரிசீலியுங்கள். பெருவிரல் அடையாளமுள்ள உறுதியின் பிரதியை இணைத்துள்ளேன். அவர் மறுமுறை வர மறுத்தால், அழைக்க நானே அவரது வாசலுக்குப் போவேன்.

தங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
எம். ஸைனுலாப்தீன்
(கையொப்பம்)

இடம்: கல்முனை
திகதி: 2025.09.08