பாகு எங்கே போயிற்று

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் அத்தானைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்குக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். உன்னுடைய அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. கடிதம் என்றால் பாதியில் வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னை உறுத்தும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். நீ வடிவமைத்துக் கொடுத்துவிட்டுப் போன ஆலையில் பாகு குறைகிறது. நீ அதை அயனித் திரவம் என்று எழுதிக் கொடுத்தாய். நம் ஆட்கள் வாயில் முதல் நாளிலிருந்தே அது பாகுதான். தக்காளித் தோலை அதில் போட்டுச் சூடேற்றுவது, தோல் கரைந்ததும் தண்ணீர் ஊற்றுவது, சிவப்புப் பொடி தனியாக இறங்கியதும் அதைக் கழுவி எடுப்பது, மிச்சத் தண்ணீரைக் காய்ச்சி விரட்டிவிட்டுப் பாகை மறுபடி பிடிப்பது, எல்லாம் நீ வரைந்து கொடுத்தபடியேதான் நடக்கிறது. "இது உப்புதான், திரவமா இருக்கற உப்பு. ஆவியாகாது, மணக்காது. போட்டத அப்படியே திரும்ப எடுக்கலாம், ஒரு சொட்டு வீணாகாது" என்று முதலாளி முன்னால் நீ சொன்னபோது பரிசோதனை அறை வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்துப் பெருமைப்பட்டவள் நான். சொன்ன மாதிரியே சமீபகாலம்வரை எடை நேராக நின்றது.

பொடி கட்டி தட்டுகிறது என்று கட்டடம் முழுக்க ஈரம் உறிஞ்சும் எந்திரம் வைத்தார்கள். பாகு டிரம்களுக்கு இறுக்கமான மூடிகளும் வந்தன. அந்தச் சமயத்தில்தான் அத்தானைப் பாகு மீட்கும் அறைக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அன்றிலிருந்து போட்ட பாகு முழுசாகத் திரும்பி வருவதில்லை. தரையில் சிந்தவில்லை, குழாயில் கசியவில்லை. ஆவியாகவும் முடியாது என்றால் ஆள்தானே எடுத்திருக்க வேண்டும்? மேலாளரை நாங்கள் மோப்பம் என்போம். அவர் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நம்புவார். பாகுக்கு மணம் இல்லாததால் இப்போது மனுஷர்களை முகர்கிறார். அத்தானை வாசலில் நிறுத்திச் சட்டைப்பையைத் தடவினாராம், லாரி டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க.

முதலாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். எடுத்ததை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டு விலக வேண்டும், இல்லாவிட்டால் போலீசுக்குப் போவாராம். மாதக் கடைசிவரை தவணை.

இனி எழுதுவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். எனக்கே அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. வேலை முடிந்தும் வீட்டுக்கு வருவதில்லை. கேட்டால் "கொஞ்சம் வேல இருந்துச்சு" என்கிறார். முகம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கிறது. இத்தனை வருஷம் சாப்பிட்ட தட்டை நகர்த்தாத மனுஷர் இப்போது டிபன் பாக்ஸை என் கையில் கொடுக்காமல் தானே கழுவிக் கவிழ்க்கிறார். பாகு விலை கூடியது, வாங்க வெளியே ஆள் இருக்கிறது என்று உனக்கே தெரியும். கட்டின புருஷனை இப்படி வேவு பார்ப்பது எனக்கு அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ இதைக் கரைத்துக் குடித்தவன். பாகு வேறு எங்காவது போக வழி இருக்கிறதா? இருந்தால் உடனே எழுது. இல்லையென்றாலும் எழுது, மனசைத் தேற்றிக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. குளிரில் வெறுங்காலோடு அலையாதே.

இப்படிக்கு,
உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முத்து முத்தான கையெழுத்து, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் அல்லவா. ஆனால் பாகு ஆவியாகுமா என்று நான் கேட்கவே இல்லை. அது ஆகாது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். வேறு எங்கே போகும் என்று கேட்டேன், அதற்கு ஒரு வரிகூட இல்லை. "அத்தான் பேசாமக் கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்துடட்டும், நான் இங்கே வேற வேல பாத்துத் தரேன், பெருசு பண்ண வேண்டாம்" என்று முடித்துவிட்டாய். அவர் எடுத்தார் என்று நீ நம்புகிறாயா என்பதையாவது எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன். அவர் குளிக்கப் போயிருந்தபோது பையைத் திறந்தேன். பாகு இல்லை, பணம் இல்லை. டிபன் பாக்ஸில் நான் காலையில் கட்டிக் கொடுத்தது அப்படியே இருந்தது, ஒரு வாய்கூடக் குறையாமல். தெருமுனை நாய் ஏன் தினமும் அவர் பின்னாலேயே வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது. சாப்பிட முடியாமல் அதற்குப் போட்டுவிட்டு, எனக்குத் தெரியக் கூடாது என்று பாக்ஸைத் தானே கழுவி வைத்திருக்கிறார். அன்றைக்கு மழையில் நாய் வரவில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் துண்டோடு வாசல்படியில் நிற்கிறார். "என்ன, கெடச்சுதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பேன். சும்மா கேட்டார், தம்பி. அதற்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. சாயங்காலம் அவர் ஏன் தாமதிக்கிறார் என்பதையும் காவலாளிதான் சொன்னார். எல்லாரும் போன பிறகு டிரம்களை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறாராம், இன்றைக்காவது சரியாக வராதா என்று.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மா கண்ணுக்கு நல்லது என்று நம் ஆலைப் பொடியில் செய்த சிவப்பு மாத்திரையைச் சாப்பிட்டு வந்தாள், நீதான் பழக்கினாய். இந்த வாரம் வேண்டாம் என்று தள்ளினாள். ஏனம்மா என்றேன். "தம்பி போன் பண்ணான்டி, இனிமே அதத் தொடாதம்மான்னு சொன்னான், அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம்னும் சொன்னான்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று முழித்தாள். உனக்கு அம்மாவிடம் பேச மீட்டிங் குறுக்கே வரவில்லை. அதைவிட, அந்தப் போன் என் முதல் கடிதம் உனக்குக் கிடைத்த பிறகு வந்திருக்கிறது.

ஏன் நிறுத்தச் சொன்னாய்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சிரித்தாலும் சரி, சிரித்துவிட்டுப் பதில் எழுது. மாதக் கடைசி நெருங்குகிறது.

அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டு நானே தேடினேன்.

பரிசோதனை அறையில் எனக்கு நீ வகுத்துக் கொடுத்த வேலை பொடியின் நிறத்தைப் பார்ப்பதுதான். உப்பு இருக்கிறதா என்று பார்க்க அதில் இடமே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்கிற சோதனை அது. பொடியைத் தண்ணீரில் குலுக்கி வடிகட்டி, வெள்ளி நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். பால் போல வெளுத்தது, உப்பு இருந்தால்தான் அப்படி வெளுக்கும். வேறு மூட்டையிலிருந்து எடுத்தேன், அதுவும் வெளுத்தது. தண்ணீர் கெட்டிருக்குமோ என்று வெறும் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், தெளிவாகவே நின்றது. நம் பாகு குளோரைடு உப்பு, தக்காளித் தோலில் அவ்வளவு உப்பு ஏது? பாகு ஆலையைவிட்டு வெளியே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது, தம்பி. மனுஷர் வயிற்றுக்குள் போகக் கூடாத அது பொடிக்குள் உட்கார்ந்திருக்க, மூட்டை கட்டி, முத்திரை குத்தி, நாங்களே லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம்.

அப்படியானால் இத்தனை நாள் எடை எப்படி நேராக நின்றது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகு நன்றாகக் காய்ந்த பாகில் ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி, எங்கள் சின்னத் தராசில் வைத்து, ஈரம் உறிஞ்சும் எந்திரத்தை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டேன். வெளியே மழை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் ஏறுகிறது! உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள், இங்கே உப்பே காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கிறது. காய்ச்சின பாகை மூடாமல் ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில்தான் எடை போட வேண்டும் என்று நீ சட்டம் போட்டிருந்தாய். குறைந்த பாகின் இடத்தைக் காற்றின் ஈரம் வந்து நிரப்பியிருக்கிறது. மூடி வந்தது, ஈரம் நின்றது, உண்மையான எடை தெரிந்தது. தெரிந்த அன்றைக்கு அந்த அறையில் நின்றவர் உன் அத்தான்.

பொடியை இன்னும் சில தடவை கழுவியிருந்தால் பாகு போயிருக்கும். கழுவினால் அந்தத் தண்ணீரையும் காய்ச்ச வேண்டும், செலவு ஏறும், ஒரு சொட்டு வீணாகாது என்ற பேச்சு எடுபடாது. அந்தப் பேச்சை வைத்துத்தானே உனக்கு இந்த வேலை கிடைத்தது.

உனக்குத் தெரியாமல் நடந்தது என்று நினைக்க ஆசையாக இருந்தது, அம்மாவுக்கு நீ செய்த போன் விடவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். சின்ன வயதில் நீ உடைத்ததற்கெல்லாம் நான்தான் அடி வாங்கினேன், இதற்கும் வாங்கிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் இந்தத் தடவை அடி என் முதுகில் விழவில்லை, அவர் முதுகில் விழுகிறது.

நேற்று முதலாளி அறைக்கு அந்தச் சோதனைக் குழாய்களையும் தராசையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண் முன்னாலேயே எல்லாம் செய்து காட்டினேன். மோப்பம் குழாயை வாங்கி முகர்ந்து பார்த்தார், பாவம், பழக்கதோஷம். முதலாளி குனிந்து தராசின் எண்ணை மறுபடி பார்த்தார். பிறகு லாரியை நிறுத்தச் சொன்னார், அனுப்பின சரக்கையெல்லாம் திருப்பி வரவழைக்கச் சொன்னார். அத்தானைக் கூப்பிட்டு "வாங்க, உக்காருங்க" என்றார். அத்தான் உட்காரவில்லை. "நின்னுக்கறேன் சார், கையெழுத்து எங்க போடணும்னு சொன்னீங்களே" என்று கேட்டார். முதலாளி அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார்.

முதலாளி என்னிடம் ஒன்று கேட்டார், "இது உங்க தம்பிக்குத் தெரியுமாம்மா?" என்று. தெரியாது என்றேன். அம்மாவின் மாத்திரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அத்தான் என் பக்கத்தில்தான் நின்றார், அம்மா சொல்லி அவருக்கும் அந்தப் போன் விஷயம் தெரியும். அவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் "உங்க பொண்ணு காலைலேர்ந்து சாப்பிடலை, சாப்பிடச் சொல்லுங்க" என்றார். என்னிடம் நேராகப் பேச இன்னும் மனசு வரவில்லை. நான் செய்ததற்கு அது தகும், காத்திருக்கிறேன்.

உனக்காக நான் சொன்ன பொய்யை நேர் செய்வது இப்போது உன் கையில் இருக்கிறது. நீ அங்கே வைத்துக் கொடுத்திருக்கும் ஆலை நம்முடையதைவிடப் பெரியது, குழந்தைகள் குடிக்கிற பானத்தில் அந்தப் பொடி கலக்கிறது என்று நீயே சந்தோஷமாக எழுதியிருந்தாய். அங்கே யாருக்கும் உன்னை மாதிரி ஒரு பிள்ளை போன் பண்ணி நிறுத்தச் சொல்லப்போவதில்லை. நாளைக்கே போய்ச் சொல். வேலை போனால் போகட்டும். நீ வந்தால் இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்கும், முதலில் திறப்பவர் உன் அத்தானாகத்தான் இருப்பார், அவரை எனக்குத் தெரியும்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடுவாள். பக்கத்து வீட்டம்மாவும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறார்களாம், அவர்களுக்கும் சொல்ல வேண்டாமா என்று உன்னிடம் கேட்கப்போகிறாள். இத்தனை நாள் நீ ஏன் சொல்லவில்லை என்றும் கேட்பாள். அந்தப் போனை மட்டும் எடு, தம்பி. அவளிடம் உண்மையைச் சொல்லும் தைரியத்தை அந்தக் கடவுள் உனக்குக் கொடுக்கட்டும்.

என்றும் உன்,
அக்கா