எண் பொருந்தாத போல்ட்

கராபெகுவா,
சனிக்கிழமை பிற்பகல்

அன்புள்ள தம்பி அனிபாலுக்கு,

தாத்தாவின் துப்பாக்கியில் இப்போது இருக்கும் போல்ட்டை மாட்டியது யார்? எனக்குத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் பழைய இரும்பையும் மரத்தையும் பார்த்தே காலம் தள்ளுகிறவள், சொந்த வீட்டுச் சுவரில் தொங்கியதைப் பற்றிக் கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம். தொலைபேசியில் கேட்டால் நீ புவனோஸ் ஐரெஸ் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாய். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஒஃபேலியா திங்கட்கிழமை பஸ்ஸில் அங்கே வருகிறாள். இந்தக் கடிதமும் ஒரு பை சிப்பாவும் அவள் கையில் வரும். ரொட்டி வழியிலேயே கல்லாகிவிடும், பாலில் நனைத்துச் சாப்பிடு.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஓடு மாற்றக் கூரையில் ஏறுகிறார். இறங்கச் சொன்னால், "ஊருக்கே கரண்ட் இழுத்தவன்டி நான், எனக்கு ஏணியில ஏறக் கத்துக்குடுக்கிறியா?" என்கிறார். வாசல் லபாச்சோ மரம் இந்த வருடம் முன்பே பூத்துவிட்டது. உன் அறையில் வெங்காய மூட்டைகள் இருக்கின்றன. கோபித்துக்கொள்ளாதே, வீட்டில் அது ஒன்றுதான் காய்ந்த அறை.

விஷயத்துக்கு வருகிறேன். நகராட்சிக் கட்டடத்தில் பொலிவியாவோடு நடந்த சாக்கோப் போர் நினைவாக ஓர் அறை திறக்கப்போகிறார்கள். செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி, போக்கெரோன் வெற்றி நாளன்று. தாத்தா அங்கே ஒரு பொலிவியச் சிப்பாயிடமிருந்து கைப்பற்றி வந்த மௌசர் துப்பாக்கியைக் கொடுக்க அப்பா சம்மதித்துவிட்டார். குழுவின் தலைவி நமக்குக் கணக்குப் பாடம் எடுத்த டோன்யா ஃபுல்வியா. துப்பாக்கியில் எது அசல், எது பிற்பாடு சேர்ந்தது, நிலைமை எப்படி என்று நான்தான் சான்றிதழ் எழுத வேண்டுமாம். அப்பாவின் பொருளை மகள் சோதிப்பது முறையில்லை என்றேன். "முறையாவது ஒண்ணாவது. உங்க அப்பன் பேச்சை உன்னைவிடச் சந்தேகப்படுற ஆள் இந்த ஊர்ல யாரு இருக்கா? நீயே பாரு" என்றார். சான்றிதழில் இருப்பது மட்டும்தான் கண்ணாடிப் பெட்டியின் அட்டையில் வரும் என்பது அவருடைய விதி.

அப்பாவுக்கு அந்த அட்டையில் வேண்டியது ஒரே வரி: எல்லாப் பாகமும் அசல். முடிவெட்டுபவர் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் அம்மாவின் பூப்போட்ட விரிப்பின் மேல் துப்பாக்கியைக் கிடத்தினேன். அப்பா எதிரே தெரெரே மூலிகைப் பானக் குவளையோடு உட்கார்ந்துகொண்டு நகரவே இல்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவரைப் போல இருந்தார்.

முதலில் வெளிப்புறம். நம் வீட்டு வழக்கம் உனக்கு மறந்திருக்காது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் அடுப்புச் சாம்பலும் வைத்து, கை வலிக்கும்வரை தேய்ப்போமே! அதைவிட மோசமாக ஒரு பழைய துப்பாக்கிக்கு எதிரிகூடத் தீங்கு செய்ய முடியாது. இரும்பின் கருநீலம் முழுக்கப் போய்விட்டது. பொலிவிய முத்திரையில் மலை இல்லை, மரம் இல்லை. லாமாவின் பின்னங்கால்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்த வழியாகப் போன டோன்யா ஃபுல்வியா உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "லிசாந்ரோ, உன் வீட்டு லாமா மலையை மேஞ்சு முடிச்சுட்டு எல்லையைத் தாண்டி ஓடிடுச்சு போலயே!" என்றார். அப்பா சிரிக்கவில்லை. "பளபளன்னு இருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.

மரக்கட்டையில் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு வெடிப்பு. யாரோ மேலே பூசிய வார்னிஷ், அநேகமாகக் கதவுக்கு வாங்கியதில் மீந்தது. ஆனால் கட்டை அசல்தான். கத்தியால் கீறிய டி.எம். என்ற எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. பெயர் தெரியாத அந்தப் பொலிவியச் சிப்பாய்க்காக அம்மா வருடாவருடம் மெழுகுவர்த்தி ஏற்றுவாள் அல்லவா? இப்போது அப்பா ஏற்றுகிறார்.

மரத்தைக் கழற்றினேன். உள்ளே துணியும் சாம்பலும் எட்டாத இடத்தில் குழல் கருநீலமாக, தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்ததுபோல இருந்தது. குழலின் உள்வரிகளும் கூர்மையாக இருக்கின்றன. போருக்குப் பின் வருடத்துக்கு ஒரே ஒரு தோட்டா, வெற்றி நாள் விடியலில் வானத்தை நோக்கி, அவ்வளவுதானே சுட்டார்கள்? அப்பாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பிறகு போல்ட். கைப்பிடியோடு முன்னும் பின்னும் போய்த் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு. அதில் பொறித்த எண் துப்பாக்கி உடலில் இருக்கும் எண் இல்லை. சத்தமாகப் படித்தேன். "கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாரு" என்றார் அப்பா. துடைத்தேன். எண் மாறவில்லை. தண்டைப் பிரித்துப் பார்த்தால், தோட்டாவின் பின்புறத்தைக் குத்த வேண்டிய ஊசியின் முனையை யாரோ அரத்தால் ராவி மொட்டையாக்கியிருக்கிறார்கள். இந்தப் போல்ட்டை வைத்து எந்தக் காலத்திலும் சுட முடியாது. நான் நிமிர்வதற்குள் அப்பா எழுந்துவிட்டார். "கோழி கத்துது" என்று தோட்டத்துப் பக்கம் போனார். எந்தக் கோழியும் கத்தவில்லை.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியாகச் சுட்ட வருடம் அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. அடுத்த ஜூனில், குளிர் தொடங்கும்போது, அவள் போய்விட்டாள். அந்தச் செப்டம்பரில் வெடிச் சத்தம் இல்லை. தோட்டா நமுத்துப்போச்சு என்றார் அப்பா. அதற்குப் பிறகு எந்த வருடமும் சுடவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நான் அசுன்சியோனிலிருந்து வரும்போதெல்லாம் துப்பாக்கி சுவரில் இருக்காது. தாழ்வாரத்தில் அப்பாவின் மடியில் இருக்கும். எண்ணெய் போட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பார். நான் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பிவிடுவேன். நீ அவரோடு தனியாக இருந்தாய், இருபது வயதில். ஆகஸ்டில் நீ கிளம்பினாய். பஸ் நிலையத்தில் அப்பா உன்னிடம் சொன்னது ஒரே சொல்: "போ." தாய் போன கையோடு தகப்பனையும் விட்டுப் போகிறவன் என்று ஊர் பேசியது. அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்று நீ நினைத்தாய். இத்தனை வருடத்தில் அதற்காகவே நீ இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அசல் போல்ட்டை எடுத்தது நீதானா? ஆம் என்றால் எதற்கு என்று நான் கேட்க மாட்டேன். அது எனக்குப் புரிகிறது. இந்த வேறு போல்ட்டையும் நீயே மாட்டினாயா என்பதுதான் புரியவில்லை.

நாளைக்கு டோன்யா ஃபுல்வியா சாப்பிட வருகிறார், சான்றிதழ் வாங்க. போல்ட் அசல் இல்லை என்று எழுதினால் அப்பா ஊர் முன்னால் தலைகுனிவார். அதோடு, ஏன் இல்லை என்ற கேள்வியும் வரும். அசல் என்று என்னால் எழுத முடியாது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் உனக்கு எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

டோன்யா ஃபுல்வியா பூசைக்குப் போய்விட்டு நேரே வந்தார். சோளமாவுச் சோபா ரொட்டி பரிமாறினேன். அடி கொஞ்சம் கருகிவிட்டது. அதைப் பற்றி அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, போல்ட் வேறு துப்பாக்கியுடையது, ஊசி ராவப்பட்டிருக்கிறது என்று சொன்னேன்.

"லிசாந்ரோ, இது உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அவர்.

அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். "தெரியாம என்ன? நான்தானே மாட்டினேன்."

"அப்புறம் எதுக்கய்யா ஊரெல்லாம் அசல் அசல்னு தம்பட்டம் அடிச்சே?"

"நிமியா கண்டுபிடிக்க மாட்டான்னு நினைச்சேன்."

"நல்லா நினைச்சே. இவ ஞானஸ்நானத்துக்கே சாட்சி கேக்குற பொண்ணு."

அப்பா கொஞ்சம் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தட்டைப் பார்த்தபடியே சொன்னார். அவர் சொற்களையே எழுதுகிறேன்:

"உங்கம்மா போன குளிர்காலத்துல ஒரு நாள் மத்தியானம் துப்பாக்கியை இறக்கினேன். எதுக்குன்னு கேக்காதே. பாத்தா போல்ட்டைக் காணோம். அப்படியே நின்னேன். கொல்லைல அனிபால் விறகு வெட்டுற சத்தம் கேட்டுச்சு. அவன் சோம்பேறிப் பய, சொன்னாலும் வெட்ட மாட்டான். அன்னிக்கு நிறுத்தாம வெட்டிக்கிட்டே இருக்கான். நான் துப்பாக்கியை இறக்கினது அவனுக்குக் கேட்டிருக்கு. உள்ளே வர பயம், விட்டுட்டுப் போகவும் பயம். சரின்னு அதைத் திரும்பச் சுவர்ல மாட்டிட்டு, ரெண்டு குவளை கொசீதோ டீ போட்டு எடுத்துட்டுப் போனேன். ரெண்டு பேரும் விறகு மேல உக்காந்து குடிச்சோம்."

டோன்யா ஃபுல்வியா விசிறியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் வர்றவன் போறவன் எல்லாம், போல்ட் எங்கேன்னு கேக்க ஆரம்பிச்சான். தலைநகர்ல பழைய இரும்புக் கடையில ஒண்ணு பாத்து வாங்கினேன். ஊசியை நானே ராவினேன். இந்த வீட்ல இது வெடிக்கக் கூடாதுன்னு பையன் முடிவு பண்ணிட்டான். அதை மாத்த நான் யாரு?"

அசல் எங்கே என்று கேட்டேன்.

"அவன்கிட்டதான். பஸ்ல அவன் பையைத் தூக்கி வச்சது நான்தானே? ரெண்டு சட்டை, ஒரு கால்சட்டை. அந்தக் கனமா கனக்கும்? எல்லையில பையைத் திறக்கச் சொன்னா என்ன பதில் சொல்லுவான்னு, அவன் போய்ச் சேர்ந்த சேதி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கலை."

"இதை அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அப்பா?"

"என்னத்தைச் சொல்ல? 'கொடுடா'ன்னா, கிழவனுக்கு இன்னும் அந்த நினைப்புப் போகலைன்னு பயப்படுவான். 'வச்சுக்கோ'ன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கூனிக் குறுகிப்போவான். அதான் 'போ'ன்னேன்."

பிறகு டோன்யா ஃபுல்வியா மூக்கைச் சிந்திக்கொண்டு, "சரி, அட்டையில என்ன எழுதுறது?" என்றார். "உள்ளதை எழுதுங்க. போல்ட் வேற, அசல் என் பையன்கிட்ட இருக்குன்னு" என்றார் அப்பா. "பையன்கிட்ட, மாமன்கிட்டன்னு எல்லாம் அட்டையில எழுத முடியாதுய்யா" என்று அவர் சண்டைக்குப் போனார். காப்பி ஆறும்வரை வாதாடினார்கள். கடைசியில் எழுதியது இது: 'குழல், உடல், கட்டை அசல். வெளிப்பூச்சு அழிந்துள்ளது. உட்பகுதி மிக நல்ல நிலை. போல்ட் மாற்று, சுட இயலாது. அசல் போல்ட் குடும்பத்தாரிடம் உள்ளது.' கடைசி வரியை அப்பா என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அவருக்குத் தலைகுனிவு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு, உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அப்பா சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "கிழவனுக்கு எண்பது தாண்டிடுச்சு, இப்போ பயப்பட ஒண்ணும் இல்லைன்னு எழுது. என் மேல நம்பிக்கை இருந்தா அதை எடுத்துட்டு வரட்டும். இல்லைன்னா அதை அங்கேயே வச்சுட்டு அவன் மட்டும் வரட்டும்."

எடுத்து வருவதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல். எல்லைக்கு வேண்டிய அனுமதிக் கடிதத்தை அருங்காட்சியகத்தின் மூலம் வாங்கி அனுப்புகிறேன். மறுபடியும் சட்டைக்குள் சுற்றிக் கொண்டுவராதே. சும்மா வருவதாக இருந்தால் எந்தக் கடிதமும் வேண்டாம்.

மாலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தரையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. முழங்கால் வலியோடு அப்பா உன் அறையிலிருந்து வெங்காய மூட்டைகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "ஈரத்துல முளைச்சுடும் அப்பா" என்றேன். "முளைச்சா முளைக்கட்டும்" என்றார்.

இப்போது வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, இந்தத் தாளின் மேல் கையால் சிலுவை வரைந்து உனக்கு ஆசி கொடுக்கிறார். இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனாலும் அவர் முடிக்கும்வரை தாளை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டேன்.

உன் அக்கா,
நிமியா