முதுநகர் ஷெட்டின் சோப்பு ராஜ்யம்

மார்ச் 3, 2025, திங்கள்

காலையில் தேவநாதனின் லாரி ஷெட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவனுடைய வாசனை வந்து சேர்ந்து, பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, டீ கேட்டது. சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளில் லோடு ஏற்றுகிறவன். ஆனால் இது லோடு வாசனை இல்லை. சொந்தத் தயாரிப்பு.

பிரேக் பார்க்கக் கேபினில் ஏறினேன். சீட்டுக்குப் பின்னால் ஒரு பனியன் யாருடைய உதவியும் இல்லாமல் தானே நின்றுகொண்டிருந்தது. கதவுக்கு வெளியே பாக்கு எச்சில் காய்ந்து, ஆறேழு நதிகளோடு ஒரு புதிய நாட்டின் வரைபடம். காலடியில் தண்ணீர் பாட்டில்கள். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை என்று நிறமே சொல்லியது.

"குளிச்சி எத்தினி நாளுடா ஆவுது?"

"எங்க மாமா நேரம்? கிளீனர இப்ப எவன் வெச்சிக்கறான்? ஒண்டி ஆளு. பத்து நிமிசம் வண்டி நின்னா ஜிபிஎஸ்ல பாத்துட்டு ஓனரு போன் போடறான். நான் குளிக்கப் போனா அவனா வந்து ஓட்டுவான்?"

"டிரைவர் ஜாதியே கெட்டுப் போச்சுடா" என்றேன்.

"உங்க கை மட்டும் என்னா ரோசாப்பூவா?"

முதுநகர் லாரி ஷெட்டின் ஏக சக்கரவர்த்தியான லூர்துசாமியாகிய நான் பிரேக் பக்கம் திரும்பிக்கொண்டேன். சக்கரவர்த்திகள் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வதில்லை. என் ஒரே மந்திரி கொளஞ்சியப்பன் அந்த நேரத்தில் கிரீஸ் கையோடு வடை தின்றுகொண்டிருந்தான். பிறகு துணியில் துடைத்தான். எங்கள் ஷெட்டில் துணி கையைத் துடைக்கிறதா, கை துணியைத் துடைக்கிறதா என்பது இதுவரை தீராத வழக்கு.

மார்ச் 9, ஞாயிறு

சிதம்பரம் போய் வந்தோம். தங்கை மகள் ஆரோக்கிய ஜெனிபரின் குழந்தையைப் பார்த்தேன். சிந்தியா என்று பெயர் வைக்கப் போகிறார்கள். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். கோயிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நிற்கப் போகும் அந்த மாபெரும் பதவிக்கு மாப்பிள்ளையின் அண்ணனும் ஆசைப்பட்டாராம். பேங்கில் வேலை. இட்லி மாதிரி கை. ஜெனிபர்தான் "எங்க மாமாதான்" என்று ஒரே பிடியாக நின்றாளாம்.

மகிழ்ச்சியில் குழந்தையின் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவினேன். அந்த இடத்தில் என் கட்டைவிரல் அப்படியே இருந்தது. கறுப்பாக. ரேகையோடு.

பக்கத்து வீட்டுப் பட்டம்மாள் எட்டிப் பார்த்து, "திருஷ்டிப் பொட்டு அழகா வெச்சிருக்கீங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனிபர் சிரிக்கவில்லை. ஈரத் துணியால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள். குழந்தை அழுதது.

மார்ச் 10, திங்கள்

ஜெனிபர் போன் செய்தாள். பொட்டு இருந்த இடம் சிவந்து தடித்துவிட்டதாம். டாக்டர், "கன்னத்துல என்னம்மா பூசினீங்க?" என்று திட்டினாராம். அவள் என்ன சொல்லியிருப்பாள்? எங்க மாமா வந்தாரு, கியர் ஆயில் பூசிட்டுப் போனாருன்னா?

"ஞானத்தகப்பன் நீங்கதான் மாமா. அதுல மாத்தமில்ல. ஆனா வாசல்லயே கையக் காட்டிட்டுதான் உள்ள வரணும். அன்னிக்கும் இப்புடியே இருந்துச்சின்னா, நீங்க பக்கத்துல நில்லுங்க. புள்ளைய அவரு அண்ணன் புடிச்சிக்கட்டும்."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

எத்தனை லாரியைத் தூக்கி நிறுத்திய கை இது! ஒரு குழந்தையைத் தூக்க லாயக்கில்லையா?

மார்ச் 11, செவ்வாய்

டீசலில் கழுவினேன். பிறகு பெட்ரோலில். கை இன்னும் கறுப்புதான். இப்போது தீப்பிடிக்கக்கூடிய கறுப்பு.

மார்ச் 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் சகாயசெல்வி என்னைக் கிணற்றடியில் உட்கார வைத்தாள். முப்பது வருடக் குடித்தனத்தில் இவ்வளவு நேரம் அவள் என் கையைப் பிடித்ததில்லை. தேங்காய் எண்ணெயும் சர்க்கரையும் போட்டுத் தேய்த்தாள். அப்புறம் புளி. அப்புறம் பாத்திரம் தேய்க்கும் நார். நகத்துக்குக் கொண்டை ஊசி.

"சங்கரா மீன கழுவுறாப்பல கழுவுறியே" என்றேன்.

"மீனு இவ்ளோ பேசாது."

கழுவிய தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றினாள். இனி அந்த மரம் இளநீருக்குப் பதில் இன்ஜின் ஆயில் காய்க்கும்.

கடைசியில் உள்ளங்கையில் பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அது அங்கே இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 24, திங்கள்

வீட்டில் வெளுப்பதும் ஷெட்டில் கறுப்பதுமாகவே ஒரு வாரம் போயிற்று. ஆகவே ஷெட்டையே பிடித்துக் கழுவுவது என்று தர்பாரில் முடிவானது. வாசலில் குழாய், தொட்டி, சோப்பு. பழைய துணிகளை எரித்தேன். புகையைப் பார்த்துத் துறைமுகத்தில் கப்பல்கள் திசைமாறியிருக்கும்.

அரச கட்டளையும் பிறப்பித்தேன். கழுவாத கையால் சோற்றையும் தொடக்கூடாது, சக்கர பேரிங்கையும் தொடக்கூடாது. பேரிங்குக்கு கிரீஸ் வைப்பது உள்ளங்கை வேலை. கையில் கிரீஸை அள்ளி, பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி உள்ளே ஏற்ற வேண்டும். கையில் இருக்கிற மண்ணும் சேர்ந்தே ஏறும்; ஏறினால் பேரிங் தேய்ந்து சூடாகிச் சக்கரமே கழன்று ஓடும். முதுநகரில் கடற்காற்று மணலை இலவசமாகவே வீட்டுக்கு வீடு கொடுக்கிறது.

"கைய கழுவிகினு வேல செஞ்சா முடி வெட்டற கடைன்னு நெனச்சி வந்து ஒக்காருவானுங்க மாமா" என்றான் கொளஞ்சியப்பன். ஆனாலும் கழுவினான். கழுவியதும் அவனுடைய விரல்கள் என்னைவிட இளமையாக இருந்தன. கொஞ்சம் பொறாமை.

ஏப்ரல் 4, வெள்ளி

தேவநாதன் வந்தான். முன்சக்கரத்துக்கு கிரீஸ் மாற்ற வேண்டுமாம். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அவன் பின்வாங்கினான்.

"இன்னா மாமா, கை இவ்ளோ வெள்ளையா இருக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சுத்தம்டா."

"வேல இருக்கற கை இப்புடியா இருக்கும்? ஷெட்ட மூடப் போறீங்கன்னு சொன்னானுங்க. நெசந்தான் போல."

எதிர் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அங்கே உள்ளவர்கள் கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. பல்லும் கண்ணும் மட்டும் நடமாடும்.

அவன் மட்டும் இல்லை. இந்த வாரம் வந்த நாலைந்து பேரும் முதலில் கையைப் பார்த்தார்கள், பிறகு எதிர்ப் பக்கம் பார்த்தார்கள். கறுப்புக் கைதான் மெக்கானிக்கின் லைசென்ஸ் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? குழந்தை தூக்க வெள்ளை வேணும், லாரி தூக்க கறுப்பு வேணுமா? எனக்கு ரெண்டு கைதானே இருக்கு?

ஏப்ரல் 7, திங்கள்

மந்திரி ஆலோசனை சொன்னான்: "நீங்க சுத்தமா இருங்க மாமா. நான் பூசிக்கறேன். சும்மா பார்வைக்கு."

இன்று முதல் கொளஞ்சியப்பன் முழங்கை வரை பழைய ஆயில் பூசிக்கொண்டு, நெற்றியில் ஒரு தீற்றலும் போட்டுக்கொண்டு, ஷெட் வாசலில் விளம்பரப் பலகையாக உட்கார்ந்திருக்கிறான். வண்டிகள் நிற்கின்றன. டிரைவர் டீ குடிக்கப் போனதும் பின்பக்கம் ஓடி, வாளித் தண்ணீரில் கழுவிவிட்டு வேலை பார்க்கிறான். முடித்ததும் மறுபடி பூசிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். உலகத்தில் எந்த நாடகக்காரனும் ஒரே நாளில் இத்தனை முறை வேஷம் கட்டியதில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சிரித்துக்கொண்டே எழுதுகிறேனே தவிர மனசு சரியில்லை. கொளஞ்சியப்பனின் கைத்தோல் வெடிக்கிறது. ஞானஸ்நானம் முடிந்த மறுநாளே எல்லோரும் பழையபடி கறுத்துவிடலாம் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "அப்ப எதுக்கு மாமா இத்தினி கூத்து?" என்றான். தெரியலடா, போ.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஜெனிபர் வீடியோவில் வந்தாள். "நகத்தக் காட்டுங்க. திருப்புங்க. இன்னும் கிட்ட." திருச்சபையின் விசாரணை முடிந்தது. "பாஸு மாமா" என்றாள். குழந்தையின் கன்னம் தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 26, சனி

சிதம்பரம், ஜெனிபர் வீடு. எல்லோரும் படுக்கத் தயாராகிறார்கள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

வெள்ளை வேட்டி சட்டையோடு நானும், குழந்தைக்கு வாங்கிய சோப்பு, பவுடர் பரிசுப் பெட்டியோடு சகாயசெல்வியும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். புதுச்சத்திரம் தாண்டியதும் ரோட்டோரம் தேவநாதனின் லாரி. முன்சக்கரத்திலிருந்து புகை. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். இறங்கினோம்.

"கைய வெச்சீங்க, அவ்ளோதான்" என்றாள் சகாயசெல்வி.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். போர்க்களத்தைப் பார்வையிடும் தளபதி மாதிரி. "டேய், நான் வாயால செய்வேன். நீ கையால செய்."

சக்கரத்தைக் கழற்றி, கொஞ்சம் ஆற விட்டு, பேரிங்கை எடுத்தான். பழைய கிரீஸை விரலில் தொட்டு வெயிலில் காட்டினான். மினுமினுத்தது.

"உப்பு மாதிரி இருக்கு மாமா."

"மணலு."

எந்த ஷெட்டில் வைத்தது என்று நான் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் சக்கரம் மட்டும் தனியாகச் சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசித்திருக்கும். இவன் எங்கே போயிருப்பான் என்று யோசித்தேன். அதைப் பற்றி மிகைப்படுத்தி எழுத எனக்கு வரவில்லை.

கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டேன். புது பேரிங்கும் கிரீஸும் அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினான். அது வருவதற்குள் பக்கத்து வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்ததைக் காட்டி, "போய்க் கைய கழுவு" என்றேன்.

"சோப்பு?"

சகாயசெல்வி என்னைப் பார்த்தாள். நான் பரிசுப் பெட்டியைப் பார்த்தேன். பெருமூச்சு விட்டுப் பிரித்துக் கொடுத்தாள்.

கை கழுவப் போனவன் தண்ணீரின் குளிர்ச்சியைக் கண்டதும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கிவிட்டான். நடுவில் ஓனர் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "வண்டி நிக்குது. உங்க டிரைவரு உசுரோட இருக்காரு. குளிக்கிறாரு" என்றேன்.

திரும்பி வந்தபோது அந்த ஆறடி ஆளிடம் கைக்குழந்தை வாசனை. அவன் உள்ளங்கையை நான் பார்த்தேன். "இன்னொரு தரம்" என்றேன். முணுமுணுக்காமல் போனான். பிறகு நான் சொல்லச் சொல்ல, கிரீஸை அள்ளி, பேரிங்கை அழுத்தி, சுற்றி, மறுபடி அழுத்தினான். புது கிரீஸ் மறுபக்கம் சுத்தமான மஞ்சளாகப் பிதுங்கி வந்ததும், "அய்ய, இது இந்த கலர்லதான் இருக்குமா?" என்றான்.

லாரியிலேயே எங்களைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டான். சீட்டுக்குப் பின்னால் நின்ற பனியனை எங்கேயோ வீசியிருந்தான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கோயில் வாசலில் ஜெனிபர், "கையக் காட்டுங்க மாமா" என்றாள். காட்டினேன். குழந்தையை வைத்தாள்.

எத்தனையோ கியர்பாக்ஸைத் தாங்கியிருக்கிறேன். இவ்வளவு கனமாக எதுவும் இருந்ததில்லை. சாமியார் கட்டைவிரலைத் தைலத்தில் தொட்டு சிந்தியாவின் நெற்றியில் சிலுவை போட்டார். அதுவும் எண்ணெய் விரல்தான். கறுப்பு விழவில்லை.

அடுத்த நொடி என் வேட்டியை நனைத்தாள்.

ஏப்ரல் 28, திங்கள்

கொளஞ்சியப்பன் வழக்கம்போல ஆயில் டப்பாவைத் திறந்தான். "மூடு" என்றேன்.

"வண்டி வராது மாமா."

"வராட்டி போவுது."

ஜூன் 30, திங்கள்

மே மாதம் முழுக்க ஈ ஓட்டினோம். ஈக்களும் சோப்பு வாசனை பிடிக்காமல் எதிர் ஷெட்டுக்குப் போய்விட்டன. இந்த மாதம் பரவாயில்லை.

இன்று தேவநாதன் வந்தான். கூட இன்னொரு லாரி, அவன் சிநேகிதனுடையது. சக்கர பேரிங் வேலை. இறங்கி நேரே குழாய்க்குப் போய் முகம் கை கழுவினான். கொளஞ்சியப்பன் ஜாக்கியை எடுத்தான்.

"இருங்க" என்றான் தேவநாதன். சிநேகிதனை அருகே இழுத்து நிறுத்திக்கொண்டு, "மொதல்ல ரெண்டு பேரும் கையக் காட்டுங்க" என்றான்.

காட்டினோம். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தையும் பார்த்தான்.

"சரி. ஜாக்கி போடுங்க."