பட்டியலில் செத்தது நான்

பிப்ரவரி 9, திங்கள்

பனி. எதிர் மாடி தெரியவில்லை. கன்டெய்னர் லாரி வரிசை தெரு முனை வரை. பால் பாக்கெட் வாங்க ரோட்டைத் தாண்டவே கால் மணி நேரம்.

பேப்பர். டெல்லியில் போன வாரம் முழுக்க சபை நடக்கவில்லை. கூச்சல், காகிதம் கிழிப்பு, ஒத்திவைப்பு. கேன்டீன் மட்டும் நடந்திருக்கும். முப்பத்தோரு வருஷம் ரயில்வே டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். பத்து நிமிஷம் ஷட்டரை இறக்கினால் ஜனங்கள் கம்பியைப் பிடித்து உலுக்குவார்கள். இவர்களை உலுக்க ஒரு கம்பி இல்லை.

கட்சி மாறிய ஒருத்தர் படம் முதல் பக்கத்தில், சால்வையோடு. மக்களுக்காக வந்தாராம். போன தடவை மாறியதும் மக்களுக்காகத்தான். மக்கள் கேட்கவே இல்லை, பாவம்.

கடைசிப் பக்கம், மூலையில் பெட்டிச் செய்தி: ஆஸ்திரேலியாவில் ஒரு மிருகம் சதுரம் சதுரமாகச் சாணி போடுமாம். மொத்தப் பேப்பரில் உருப்படியான சேதி அது ஒன்று. என் வீட்டுக்காரர் சேவியர் இருந்தால் மூன்று தரம் படித்துக் காட்டியிருப்பார், அதுவும் நான் இட்லி சாப்பிடும் நேரமாகப் பார்த்து. கத்தரித்து, அவர் துணுக்குச் சேர்த்த பிஸ்கட் டின்னில் போட்டேன். மூடி சரியாக மூடவில்லை.

அவர் போன் அடித்தது. லோன் வேணுமா, சார் இருக்காரா. "ஹார்பருக்குப் போயிருக்கார், அப்புறம் பண்ணும்மா." அவர் வேலை பார்த்த இடம். மூன்று வருஷமாக இதே பதில். போனுக்குச் சார்ஜ் போட மறப்பதில்லை.

பிப். 10, செவ்வாய்

வாங்க: ரசப்பொடி, நூல்கண்டு 2, பி.பி. மாத்திரை. எதுவும் வாங்கவில்லை.

கோபி வந்தான். தெருக்கோடி கட்சி ஆபீஸ்காரன். கையில் புது வாக்காளர் பட்டியல். முகத்தில் சிரிப்பு வேறு.

"அக்கா, ஒரு பேஜாரு ஆயிட்ச்சு. கோச்சுக்காத."

"இன்னாடா?"

"அண்ணன் பேரு அப்டியே கீது. உன் பேரை அட்ச்சிட்டாங்கோ. நீ செத்துட்டன்னு போட்டுக்கிறாங்க."

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். ஒரு காகிதத்தில் சேவியர், படத்தோடு, ஜம்மென்று. இன்னொன்றில், நீக்கப்பட்டவர்கள் என்ற தலைப்பின் கீழ், ஸ்டெல்லா. காரணம்: இறப்பு.

செத்தவர் இருக்கிறார். இருப்பவள் செத்துவிட்டாள். நாடு ஆளுகிறார்களாம், நாடு! ஒரு வீட்டில் இரண்டு பேர். அதில் யாருக்கு மூச்சு வருகிறது என்று பார்க்கத் துப்பில்லை.

சாயங்காலம் டீவி. ஆறு கட்டத்தில் ஆறு பேர், ஜனநாயகம் செத்துவிட்டது என்று கத்தல். நானே செத்துக் கிடக்கிறேன், அதற்கு வேறு எங்கே அழுவது. அணைத்தேன்.

பிப். 11, புதன்

பள்ளிக்கூடம். எங்கள் தெருக்களின் பட்டியலைப் பார்ப்பது அமுதா டீச்சர். முக்கால் மணி வரிசை. கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே நின்றேன்: 1. கண் இருக்கா? 2. கண் இருந்தா மூளை இருக்கா? 3. சம்பளம் எதுக்கு?

என்னைப் பார்த்ததும் டீச்சர் முழித்தாள்.

"நீங்க... அந்த மாடி வீட்டுல வேலை செய்றவங்கதானே?"

அப்புறம்தான் விவரம் வந்தது. டிசம்பரில் கணக்கெடுக்க வந்திருக்கிறாள். கீழ் வீட்டில், "மேல ஒருத்தர் தவறிட்டாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கதவைத் திறந்தது நான். நைட்டி, தோளில் துண்டு, கையில் துடைப்பம். சேவியர் இருக்காரா என்று கேட்டிருக்கிறாள். ஹார்பருக்குப் போயிருக்கார் என்றேனாம். ஆக, அவர் உயிரோடு. ஆக, செத்தது வீட்டு அம்மா. துடைப்பம் பிடித்தவள் கணக்கிலேயே இல்லை.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, ஹார்பருக்குப் போயிருக்கார்னு?"

அடுக்கி வைத்த கேள்வி என் பக்கமே திரும்பியது. வேலைக்காரி என்று நினைத்ததற்காவது கோபப்படலாம் என்று பார்த்தேன். கோபம் வரவில்லை. புளுகியது நான். நேராக நிற்கத் தெரியாத பொய்யர்கள் என்று டெல்லிக்காரனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை.

இரண்டு படிவம். ஒன்று என்னைச் சேர்க்க. இன்னொன்று அவரை எடுக்க. முதலாவதை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது மடித்துப் பைக்குள்.

"திங்கட்கிழமைக்குள்ள குடுத்துடுங்கம்மா."

பிப். 12, வியாழன்

படிவம் பிஸ்கட் டின்னுக்கு அடியில். எடுக்கவில்லை.

பேப்பர்: நத்தை மூன்று வருஷம்கூடத் தூங்குமாம். எங்கள் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் அதைவிட நல்ல தூக்கம். ஒரு பாலத்துக்கு இரண்டு கட்சிக்காரர்கள் தனித்தனியாக ரிப்பன் வெட்டினார்களாம். கத்தரிக்கோல் அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருப்பார்கள்.

கோபி மறுபடி. இந்த முறை குரல் தாழ்ந்து.

"அக்கா, அண்ணன் பேரை எடுக்காத. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவன் தலையைத் தடவிக் கொடுக்கலாம் போல் இருந்தது. ஊரில் என் மனசு தெரிந்த ஒரே ஆள்.

"எலக்சன் அன்னிக்கு நம்ம பசங்கள்ல ஒருத்தன் அண்ணன் ஓட்டைப் போட்டுடுவான். உனுக்கும் எதுனா பண்ணிக்கலாம்."

"யாருக்குடா போடுவான்?"

"இன்னாக்கா, தெரியாத மாரி கேக்குற!"

கலீஜ் பய. கதவைச் சாத்தினேன்.

பிப். 13, வெள்ளி

வஞ்சிரம் விலை கேட்கச் சகிக்கவில்லை. நெத்திலி. உட்கார்ந்து கிள்ளும்போது முழுக்க அவர் நினைப்பு.

எலக்சன் வந்தால் சேவியருக்குக் கல்யாணக் களை. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஆறேமுக்காலுக்கே பூத் வாசலில். "எவன் வந்தாலும் நமக்கு அதே கொசுதான், இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?" என்பேன். சிரிப்பார். யாருக்குப் போட்டார் என்று கடைசி வரை எனக்குச் சொன்னதில்லை. "கட்டின பொண்டாட்டிக்கும் சொல்லக் கூடாது ஸ்டெல்லா, அதான் ரூலு." பெரிய ராணுவ ரகசியமா என்று ஒரு தடவை இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. அழுத்தக்காரர்.

எனக்கே சொல்லாத ஓட்டு. அதைக் கோபி வகையறா ஒருத்தன் அவர் பெயரைச் சொல்லி, விரல் நீட்டி, மை வைத்துக்கொண்டு போடுவானா?

கை கழுவிவிட்டுப் படிவத்தை எடுத்தேன். பெயர், முகவரி, வயது. 'காரணம்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. படிவத்தில் நெத்திலி வாசம்.

பிப். 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை. சாமியார் உண்மை பேசுவது பற்றிப் பிரசங்கம். என்னையே பார்த்தது மாதிரி இருந்தது. அவருக்கு மூன்றாவது பெஞ்சுக்கு மேல் கண் தெரியாது, நான் எட்டாவது. இருந்தாலும்.

பிப். 16, திங்கள்

பனி இல்லை. நல்ல வெயில்.

டீச்சர் படிவத்தைப் பார்த்தாள். "காரணம் காலியா இருக்கேம்மா. நான் எழுதிக்கட்டுமா?"

"வேணாம்."

நானே எழுதினேன். இறப்பு. அடுத்த கட்டத்தில் உறவு: மனைவி. கையெழுத்து கோணவே இல்லை. கோணாமல் போட்டேனே என்று என் மேலேயே எரிச்சல்.

வாசலில் கோபி. "இன்னாக்கா இப்டி பண்ட்ட! அநியாயமா ஒரு ஓட்டு பூட்ச்சே."

துப்பினேன். ரோட்டில்தான்.

பேப்பர்: பேய்க்கணவாய்க்கு, அதான் ஆக்டோபஸ், மூன்று இதயமாம். நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடுமாம், திரும்பத் துடிக்குமாம். எத்தனை கழுவி நறுக்கியிருக்கிறேன், எண்ணியதில்லை. கத்தரித்தேன். டின்னில் இடமில்லை. புது டின் வேண்டும்.

மார்ச் 4. அவர் போன்.

"சேவியர் சார் இருக்காருங்களா?"

"இல்லம்மா. செத்துட்டாரு. நான்தான் இருக்கேன். இன்னா விஷயம், சொல்லு."