கறுப்பின் மேல் நிற்காத சிவப்பு

ஹெடெமூரா
ஜூன் 19

அன்புள்ள தோர்கெலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், வேறெப்படி எழுதுவது. இங்கே நாங்களும் நலம் என்று போடத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை. கிறிஸ்துமஸுக்கு நீ கொடுத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருக்கிறாள், மூன்று மாதமாக உன் குரலுக்குப் பதில் அவள் குரலைத்தான் கேட்கிறேன். சுரங்கக் கம்பெனிக்கும் போன் போட்டேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன், அப்படி ஒருவர் இப்போது இங்கே இல்லை என்றார்கள். எங்கேடா போனாய்? ஈஸ்டருக்கு அனுப்பிய அட்டை திரும்பி வரவில்லை, அதனால் விலாசமாவது சரியாக இருக்கும் என்று அந்த ஒன்றை நம்பி இதை அனுப்புகிறேன். அங்கே வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, உன் தோல் என் தோல், அரை மணியில் கொப்பளித்துவிடும். இங்கே மே பாதி வரைக்கும் பனி கொட்டியது, நட்ட உருளைக்கிழங்கில் பாதி அழுகிப்போனது. பிர்ச் மரங்கள் இலை விட்டாயிற்று, எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள், எனக்குத்தான் அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அப்பாவுக்கு நுரையீரல். இரண்டு வருஷமாக இருந்த இருமலை மரத்தூள் இருமல் என்று சொல்லிக்கொண்டிருந்தார், மரம் அறுக்கும் வேலையை விட்டே ஒன்பது வருஷமாகிறது என்று நான் சொன்னால் காதில் வாங்கமாட்டார். மார்ச்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண், நல்லவள், நுரையீரல் காய்ந்து இறுகிக்கொண்டே போகிறது, இதற்கு மருந்து இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள். கோடை முழுக்க இருப்பார், கிறிஸ்துமஸுக்கு எந்தத் திட்டமும் போட வேண்டாம் என்றாள். உன் அப்பா கேட்டது ஒரே கேள்வி, கார் ஓட்டலாமா என்று. வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் நேரே ஷெட்டுக்குப் போனார், காப்பி குடிக்காமல் அந்த மனிதர் எங்கேயும் போனதில்லை என்பது உனக்கே தெரியும். மறுநாள் காலையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே, நம் பழைய அமஸோன் காரின் உள்பக்கத்தை மறுபடி சிவப்பாக்கப் போவதாகச் சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று எழுதுவது. சாகப்போகிற நேரத்திலும் பிள்ளை அடித்த கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போவேன் என்று ஒரு பிடிவாதமா என்று நினைத்தேன், நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். அவர் எழுந்து வெண்ணெய்க் கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அவருடைய அந்த அறுபதாவது பிறந்தநாள்தான் கண்ணில் வந்து நின்றது. நாங்கள் நான்கு நாள் கொட்லாண்டு தீவுக்குப் போயிருந்த சமயம் நீ ஒருத்தனாக உட்கார்ந்து, வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகிப் போயிருந்த சீட், கதவு எல்லாவற்றையும் கழுவித் தேய்த்துக் கறுப்பு அடித்து வைத்திருந்தாய். பழைய கார் கிளப்காரர்கள், சொந்தக்காரர்கள், நடுவில் அந்தப் பச்சைக் கேக், நீ போய்க் கதவைத் திறந்து காட்டினாய். அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை, உனக்கு எப்படி மறந்திருக்கும். நீ தொட்டது எதுவும் உருப்படாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். நான் என்ன செய்தேன்? கேக் வெட்டினேன். எல்லோருக்கும் ஒரே அளவாக வரவேண்டும் என்று பார்த்துப் பார்த்து வெட்டினேன். அந்த இலையுதிர்காலத்தில் நீ விமானம் ஏறினாய், பதினாலு வருஷமாயிற்று. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை, நீயும் மன்னிக்கவேண்டியதில்லை.

ஏப்ரலில் வேலையைத் தொடங்கினார், கறுப்பைச் சுரண்டாமல் தேய்த்துச் சுத்தம்செய்து அதன் மேலேயே சிவப்பு அடிப்பதாகத் திட்டம். பத்து நிமிஷம் தேய்த்தால் இருபது நிமிஷம் மூச்சு வாங்கும். தின்னர் வாடை அவருக்கு ஆகாது, அது பக்கத்தில் இருக்கும்போது ஆக்ஸிஜன் வைத்தால் தீப்பிடிக்கும் என்று வீட்டுக்கு வருகிற நர்ஸ் கண்டித்துவிட்டுப் போனாள், அதனால் தேய்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆக்ஸிஜன் மெஷினின் குழாய் சமையலறைப் படிவரைக்கும்தான் வரும், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்தே எனக்கு வேலை சொல்வார், அந்த மூலை விட்டுப்போச்சு, தையலுக்குள்ள தேய், என்று. கட்டின நாளிலிருந்து எனக்கு இத்தனை உத்தரவு போட்டதில்லை. பழைய சிவப்பு எந்தச் சிவப்பு என்று எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் லிங்கன்பழச் சிவப்பு என்கிறார், நான் இல்லை, கொஞ்சம் பழுப்புக் கலந்தது என்கிறேன். அந்த வண்டியில் கல்யாணம் முடிந்து சர்ச்சிலிருந்து கிளம்பியவள் நான், எனக்குத் தெரியாதா. கடைசியில், பின்சீட்டைக் கழற்று, அடியில் எங்கேயாவது பெயின்ட் படாத ரெக்சின் கொஞ்சமாவது இருக்கும் என்றார். கழற்றினேன்.

தோர்கெல், நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்கமாட்டேன், அன்றைக்கு உன்னை யார் பேசவிட்டோம். சாய்மானத்தின் அடியில், சீட்டை எடுத்தால் மட்டும் தெரிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீ டேப் ஒட்டி மறைத்துக் கறுப்பு அடிக்காமல் விட்டிருந்த அந்தச் சதுரம், அன்றைக்கு வாங்கியதுபோல அப்படியே இருந்தது. பக்கத்தில் பலகையில் உன் பென்சில் எழுத்து. அப்பா, அசல் நிறம் இங்கே பத்திரமாக இருக்கு, பிடிக்கலைன்னா சொல்லுங்க, நானே மாத்தித் தரேன் என்று எழுதி, கீழே அவர் பிறந்தநாள் தேதி. நான் அந்தச் சாய்மானத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்திருந்தவர் மடியில் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன், இன்னொருமுறை என்றார், படித்தேன். கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தக் கறுப்பு மேல எனக்கு ஒண்ணும் இல்ல சிக்னே. கதவத் தொறக்கறப்பல்லாம் அன்னைக்கு நான் பேசினது காதுல விழுது. அது போனாப் போதும்னுதான் இத்தன பாடும்." அப்போதுதான் எனக்கு உறைத்தது, பதினாலு வருஷமாகக் கிளப்காரர்கள் கூடுமிடத்திலெல்லாம் கதவைச் சாத்தியே வைத்திருப்பார், யாராவது உள்ளே எட்டிப் பார்த்தால் உடனே முன்பக்கம் கூட்டிப் போய் என்ஜினைக் காட்டுவார். நான் அதையும் வீம்பு என்றே நினைத்திருந்தேன்.

உன் சதுரம் இருந்த சாய்மானத்தையே எடுத்துப் போய்ப் பெயின்ட் கடையில் காட்டி அதற்கு ஏற்றாற்போலக் கலந்து வாங்கினேன். பழுப்பு கலந்தது என்று நான் சொன்னதுதான் சரி, அதை அவரிடம் இரண்டு முறை சொன்னேன். பஞ்சால் தொட்டுத் தொட்டு மெல்லிசாக மூன்று பூச்சு நானே அடித்தேன். அங்கங்கே ஊசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழி விழுந்தது, காய்ந்தால் சரியாகிவிடும் என்று இருவருமே எங்களை நாங்களே ஏமாற்றிக்கொண்டோம். ஜூன் ஆறாம் தேதி, நாட்டு நாள், ஊரெல்லாம் கொடி, பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் ஏரிக்கரைக்கு வருகிற நாள். கோட்டுப் போட்டுக்கொண்டார், சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார், நான் ஓட்டினேன். கண்ணாடி வழியாக வெயில் சுள்ளென்று அடித்தது. பதினாலு வருஷத்தில் முதல்முறையாகக் கரையில் நான்கு கதவையும் அவரே திறந்துவைத்தார். திரும்பினால் அவர் கோட்டின் முதுகில் தோள் அகலத்துக்குச் சிவப்பு ஏடாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவர் சாய்ந்திருந்த இடத்தில் உன் கறுப்பு பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது.

கிளப் செயலாளர் ஹோல்கர் வந்தார், அவருக்குத் தெரியாதது இல்லை, தெரியாததையும் சொல்லுவார். வெயிலில் உரிந்த தோலை உரிப்பதுபோல நகத்தால் ஒரு பட்டையை இழுத்தார், பேசாமல் வந்துவிட்டது. "எந்தப் புத்திசாலி இதுக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடிச்சது? அதுல இருக்கற சிலிக்கோன் எண்ணெய் உள்ள ஊறிப்போச்சு. இனி கடவுளே வந்து அடிச்சாலும் மேல ஒண்ணும் நிக்காது," என்றார். நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன், ஹோல்கர் கையிலும் கொஞ்சம் ஊற்றிவிட்டேன். அந்தப் புத்திசாலி நான்தான். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முப்பது, வண்டியை வெளியே எடுத்த கையோடு உன் அப்பா குளிர்காலத்தை அனுப்பிவைக்கிற நெருப்புக்குச் சுள்ளி அடுக்கப் போய்விடுவார், அந்த நேரம் பார்த்து உள்ளே முழுக்க ஸ்ப்ரே அடித்துத் துடைத்துவிடுவேன். உன் பெயின்ட் எங்காவது வெடித்தால், பார்த்தாயா நான் அன்றைக்கே சொன்னேன் என்று அவர் வாயைத் திறப்பாரே என்ற பயம். நீ செய்தது ஒன்றாவது இந்த வீட்டில் பழுதில்லாமல் இருக்கட்டும் என்று பதினாலு வசந்தம் அடித்தேன். அதுவே இப்போது அவருடைய கடைசி ஆசைக்கு எமனாக வந்து நின்றது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன், வண்டியை ஓரமாக நிறுத்தி அழுதேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் அந்த உரிந்த பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "டப்பா தீர்ந்தா அலமாரில புதுசு யார் வெச்சதுன்னு நெனச்ச?" என்று கேட்டார். பதினாலு வருஷமாக அந்த டப்பா எப்படித் தீராமலே இருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா நான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் உன் கறுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லத்தான் எங்களுக்குக் கையாலாகவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஷெட்டுப் பக்கம் போகவில்லை. இப்போது கூடத்து ஜன்னல் ஓரமாகக் கட்டிலைப் போட்டிருக்கிறோம், வண்டி கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாசலில் நிறுத்தியிருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை வந்த நர்ஸ் தினமும் வருகிறாள், முன்பெல்லாம் கோடை முழுக்க என்பாள், இப்போது கோடை என்றே சொல்வதில்லை, தலையணையை மட்டும் சரிசெய்துவிட்டுப் போகிறாள். நாளன்றைக்கு மத்தியக்கோடைப் பண்டிகை, புது உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் வாங்கி வைத்திருக்கிறேன், யார் சாப்பிடப்போகிறார்கள். இந்தக் கடிதம் உன் ஊருக்குப் போய்ச்சேர இரண்டு வாரம், நீ பழைய மாதிரி மூன்று வாரம் சுரங்க முகாமுக்குள்ளேயே இருந்தால் அதற்கு மேல், அங்கிருந்து இங்கே வர இரண்டு நாள். எத்தனை முறை எண்ணினாலும் அது அவருக்கு எட்டுகிற நாளாக இல்லை. அதனால் வா என்று எழுதி உன்னைத் துடிக்கவைக்க எனக்கு மனசில்லை. வராதே என்று எழுதவும் கை வரவில்லை.

நான் உனக்கு எழுதுகிறேன் என்று காலையில் அவரிடம் சொன்னேன். ஏதாவது சொல்லவேண்டுமா என்று கேட்டேன், வழக்கம்போல உம் என்றார். நான் அடுப்படிக்குப் போனபிறகு கூப்பிட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் அடிச்சது பதினாலு வருஷமா அசையல. நான் நினைச்சது ஒரு நாள் நிக்கல. அத எழுது. கறுப்பு நல்லா இருக்குன்னும் எழுது." எழுதிவிட்டேன். இதை நீ அவர் வாயாலேயே கேட்டிருக்கவேண்டும், என் கையெழுத்தில் படிக்கிறாய், அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

எங்கே இருந்தாலும் கடவுள் உன் பக்கத்தில் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு, குளிர்ந்த தண்ணீர் நிறையக் குடி, எண் மாறினால் அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப்போட எத்தனை நேரம் ஆகும் என்று யோசித்துப் பார். கவருக்குள் ஒரு சிவப்புப் பட்டை வைத்திருக்கிறேன், ஏதோ குப்பை என்று எறிந்துவிடாதே, அப்பா விரலில் சுற்றிவைத்திருந்தது. திருப்பிப் பின்பக்கம் பார், உன் கறுப்பு ஒரு பொட்டுகூட அதில் ஒட்டியிருக்காது. அது முழுக்க இங்கேயே இருக்கிறது.

உன் அம்மா,
சிக்னே