ஐந்தாவது திரி

9.2.1998, திங்கள், வெள்ளவத்தை
இவர் கூட்டமொன்றுக்காக நேற்று வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தார். துணைவேந்தராகி ஒரு வருடம்கூட இல்லை, தலை முழுக்க நரைத்துவிட்டது. பாரைமீன் குழம்பு வைத்தேன். இரண்டாம் தரம் சோறு கேட்டார்.

10.2
தமிழ்ப் பேப்பரில் படம். பல்கலைக்கழக வளாகத்து நூலகத் திறப்பு விழாவாம். குத்துவிளக்கில் பிரிகேடியர் திரி ஏற்றுகிறார். மெழுகுதிரியைக் கொடுத்துவிட்டு நிற்பவர் துணைவேந்தர் சவுந்தரநாயகம். என் மனுசன்தான். மாணவர்கள் துண்டுப்பிரசுரம் விட்டிருக்கிறார்களாம்: துரோகி.

போன மாதம் மாணவர் விடுதிக்குள் ஆமியை விடமாட்டேன் என்று வாசலில் நின்றவரும் இவர்தான். அதற்கு மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள்: புலிக்கு ஆளா என்று. ஒரே ஆள் இரண்டுமாக இருக்க முடியுமா?

“ஏனப்பா அந்தாளிட்டக் குடுத்தனீங்கள்?”

“பங்குச் சுவாமியை ஆமிச் சென்றியில மறிச்சுப்போட்டாங்கள். அவருக்கெண்டு வைச்ச அஞ்சாம் திரி மிச்சமா நிண்டுது. எரியாமல் விடலாமோ? பிரிகேடியர் பக்கத்தில நிண்டார்.”

ஒரு திரி எரியாமல் நின்றால் எனக்கும் மனம் கேட்காதுதான்.

11.2
டெலிபோன். மரியாதையான குரல். “அம்மா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஐயாவை விலகச் சொல்லுங்கோ. திரும்பி வளாகத்துக்கு வந்தால் நாங்கள் பொறுப்பில்லை.”

எந்த நாங்கள்? கேட்க முதல் வைத்துவிட்டான். இயக்கப் பெடியளா? ஆமியோடு திரிகிற ஆட்களா? எல்லோரும் நல்ல தமிழ்தான் கதைக்கிறார்கள்.

12.2
விலகுங்கோ என்றேன்.

“விலகினால் விடுதி வாசலில ஆர் நிக்கிறது?”

பத்திக்கொண்டு வந்தது. அறுபது வயசில நீங்கள்தான் அங்க காவல்காரனோ? செத்துப்போனால் நான் என்ன செய்யிறது? — கத்திப்போட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். இவருக்கு விடுதிப் பிள்ளைகள் மேல் கவலையா, கதிரை மேல் ஆசையா? இத்தனை காலம் கூட வாழ்ந்தும் தெரியவில்லை.

13.2
விலகிவிட்டார். என் முகத்துக்காகத்தானாம். சந்தோஷப்பட வேண்டும். ஏன் வருகுதில்லை?

20.3
பேப்பரில் பதில் துணைவேந்தர் பதவியேற்ற படம். அதே குத்துவிளக்கு, அதே பிரிகேடியர். இந்த முறை முதல் திரியே அவருக்கு. பக்கத்தில் சின்னச் செய்தி: விடுதியில் தேடுதல், மூன்று மாணவர்களைக் கொண்டுபோனார்கள். புது ஆளுக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் விட்டதாக ஒரு வரியும் இல்லை.

அப்ப எங்களை வெருட்டினது ஆர்? அந்தத் திரிக்காகவோ, விடுதி வாசலுக்காகவோ?

இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

“அஞ்சு திரியும் எரியுது” என்றார்.

பிறகு தேத்தண்ணி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.